சின்ஸா ஃபாரா, பையா அன்டிலா: விடை தமிழிலேயே இருக்கிறது

கேள்வி (தாராவியிலிருந்து ஒரு தம்பி), ஜூன் 2

அக்கா, ஒரு கூரியர் நிறுவனத்தின் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல் நடந்தது. ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று தொடங்கினேன். எதிரில் இருந்தவர் ‘ஃபார்’ என்று திருத்தினார். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை. ஸ்டில், யெட் இரண்டுக்கும் அகராதியில் ‘இன்னும்’ என்று போட்டிருக்கிறது. அகோ, பிஃபோர் இரண்டுக்கும் ‘முன்பு’. பை, அன்டில் இரண்டும் எனக்கு ஒன்றுதான். தமிழில் இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது, அதனால் நமக்கு இது வரவே வராது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

ஜூன் 2, இரவு

உண்மையில்லை தம்பி. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சயானில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ‘தமிழில் அது இல்லை’ என்று யாராவது ஒருவர் எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இருக்கிறது. அகராதி சொல்லுக்குச் சொல் வைக்கிறது, அதனால் கண்ணில் படுவதில்லை. நம் மொழியில் காலத்தின் நுணுக்கம் பெரும்பாலும் சொல்லின் முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே தேட வேண்டும்.

உன் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வாய்? ‘மூன்று வருடமாக அங்கே வேலை செய்கிறேன்.’ சேர்ந்த ஆண்டைச் சொல்ல வேண்டுமென்றால்? ‘2022 முதல் வேலை செய்கிறேன்’, இல்லையென்றால் ‘2022இலிருந்து’. ‘மூன்று வருடத்திலிருந்து வேலை செய்கிறேன்’ என்று அம்மாவிடம் சொல்லிப் பார். அவருக்குக் காதில் இடிக்கும். அந்த இடிப்பை நம்பு. ‘ஆக’ வருகிற இடத்தில் ஃபார். ‘முதல்’, ‘இலிருந்து’ வருகிற இடத்தில் சின்ஸ். எவ்வளவு காலம் என்பது ஒன்று, எங்கே தொடங்கியது என்பது இன்னொன்று. நீ இரண்டையும் சிறு வயதிலிருந்தே பிரித்துத்தான் பேசுகிறாய்.

அப்படியென்றால் ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ எங்கிருந்து வந்தது? இந்த ஊரில் பகல் முழுவதும் நாம் இந்தியில் பேசுகிறோம். ‘சோம்வார் ஸே’, ‘தீன் சால் ஸே’. தொடக்கத்துக்கும் நீளத்துக்கும் ஒரே ‘ஸே’. மராத்தியிலும் அதே கதை: ‘சோம்வார்பாசூன்’, ‘தீன் வர்ஷாம்பாசூன்’. மும்பைத் தமிழன் ஆங்கிலம் பேசும்போது மனத்துக்குள் இந்தி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறான். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதை குறைவு.

ஜூன் 3, காலை

இரவு எழுதியதற்கு ஓர் எல்லை போட வேண்டும். ஃபாரா சின்ஸா என்பதைத் தமிழ் தீர்த்துவைக்கும். வினைச்சொல்லைத் தீர்த்துவைக்காது. ‘மூன்று வருடமாக வேலை செய்கிறேன்’ என்பதில் நமக்கு நிகழ்காலம் போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. முன்பு தொடங்கி இன்றும் நடக்கிற செயலுக்கு அது ‘ஹேவ்’ கேட்கும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.’ ஆகவே நேர்காணலில் அந்த மனிதர் பாதியைத்தான் திருத்தியிருக்கிறார். ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்பதை அப்படியே விட்டுவிட்டார்.

வேலையை விட்டுவிட்டவன் ‘மூன்று வருடம் வேலை செய்தேன்’ என்பான். ‘ஆக’ போய்விட்டது, பார். ஆங்கிலத்தில் ஃபார் அப்படியே நிற்கும், ‘ஹேவ்’ போய்விடும்: ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்.’ நாம் ‘ஆக’ போடுகிற இடத்தில் அவர்கள் ‘ஹேவ்’ போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான நேரம் சரியாக வரும்.

சென்னையிலும்தான் ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்கிறார்கள், அங்கே இந்தி எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்திய ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. அது அலுவலகம் அலுவலகமாக, ஆசிரியர் ஆசிரியராகப் பரவுகிறது. இந்தியே தெரியாதவர் வாயிலும் அது வந்து உட்காரும்.

ஜூன் 4

பை, அன்டில். இதில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேசப்போகிறேன், ஏனென்றால் இதனால் பணம் போவதைப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண் தோல் பை தைக்கும் பட்டறையில் ஆர்டர் கடிதங்கள் எழுதுகிறாள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘வீ வில் செண்ட் த சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் மாதிரிகளை அனுப்பிவிடுவோம் என்பது அவள் எண்ணம். படித்தவருக்குப் புரிந்தது வேறு: வெள்ளி வரை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், அதன் பிறகு நிறுத்திவிடுவார்கள். எது முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று கேட்டு அவர் திரும்ப எழுத, இவர்கள் விளக்க, வாரமே கழிந்துவிட்டது. ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது.

அவளிடம் தமிழில் சொல்லச் சொன்னேன். ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவோம்’ என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல். ‘வெள்ளிக்கிழமை வரை அனுப்புவோம்’ என்று அவளுக்கு வாயில் வரவே இல்லை. ‘க்குள்’ என்றால் பை. ‘வரை’ என்றால் அன்டில். இவ்வளவு சுத்தமான பிரிவு நம்மிடம் இருக்கும்போது, இந்தியில் இரண்டுக்கும் ‘தக்’ என்ற ஒரே சொல்: ‘சுக்ரவார் தக் தே தூங்கா’ என்றால் வெள்ளிக்குள் தருவேன், ‘சுக்ரவார் தக் ரஹூங்கா’ என்றால் வெள்ளி வரை இருப்பேன். மராத்தியின் ‘பர்யந்த்’ அப்படியேதான். இந்தி பேசுபவர் வினையைப் பார்த்துப் பொருளைப் பிரித்துக்கொள்கிறார், அது அவர்களுக்குப் பழக்கம். நமக்கோ சொல்லே பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே பறிகொடுக்கிறோம்.

இங்கே இன்னொன்றும் சேரும். டில் என்பது அன்டிலின் சுருக்கம் என்று பலர் நினைத்து, முன்னால் ஒரு குறி போட்டு எழுதுகிறார்கள். டில்தான் பழைய சொல். அன்டில் பின்னால் வந்தது. பொருளில் வித்தியாசமில்லை, அலுவலகக் கடிதத்தில் அன்டில் சற்று முறையாகத் தோன்றும், அவ்வளவே.

ஜூன் 4, பின்னிரவு

செம்பூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘ஹி டிட்ன்ட் கம் அன்டில் ஃபைவ்’ என்பதை உங்கள் ‘வரை’ கொண்டு சொல்லிப் பாருங்கள் என்று. ஐயா பிடித்த இடம் சரியான இடம். ‘ஐந்து மணி வரை வரவில்லை’ என்றால், அதற்குப் பிறகு வந்தானா இல்லையா என்று தமிழில் தெரியாது. ஆங்கில வாக்கியத்தைக் கேட்பவர் ஐந்துக்கு வந்துவிட்டான் என்றே எடுத்துக்கொள்வார். தமிழில் அதற்கு வேறு வழி: ‘ஐந்து மணிக்குத்தான் வந்தான்.’ ஆக, எதிர்மறையோடு அன்டில் வந்தால் மனத்தில் ‘தான்’ என்று வையுங்கள். வினாவிலும் கட்டளையிலும் ‘வரை’ பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 7

காலையிலிருந்து மழை. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று வகுப்புக்குப் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களோடு ‘இன்னும்’ பற்றிப் பேசினோம்.

‘இன்னும் மழை பெய்கிறது.’ இட் இஸ் ஸ்டில் ரெய்னிங். ‘இன்னும் நிற்கவில்லை.’ இட் ஹேஸ்ன்ட் ஸ்டாப்ட் யெட். வெளியே இருப்பது ஒரே மழை. முதலாவது, நடப்பது தொடர்கிறது என்கிறது. இரண்டாவது, நடக்க வேண்டியது நடக்கவில்லை என்கிறது. தம்பி கேட்ட கேள்விக்கு இதுவே போதும்: தமிழ் வாக்கியம் ‘இல்லை’ என்று முடிந்தால் பெரும்பாலும் யெட், அதுவும் வாக்கியத்தின் கடைசியில். ‘கிறது’ என்று முடிந்தால் ஸ்டில், அதுவும் வினைக்கு அருகில்.

ஸ்டில் எதிர்மறையிலும் வரும்: ‘ஹி ஸ்டில் ஹேஸ்ன்ட் கம்.’ இதில் பொறுமை போய்விட்டது என்று தெரிகிறது. யெட் போட்டால் வெறும் தகவல். தமிழில் நாம் ‘இன்னமும் வரவில்லை’ என்று ஒரு ‘ம’வைக் கூட்டி அழுத்துவோமே, அதுதான் அந்த ஸ்டில். வந்திருந்த ஒரு மாணவன் தன் முதலாளிக்கு ‘மை சேலரி ஸ்டில் ஹேஸ்ன்ட் கம்’ என்று செய்தி அனுப்பியிருக்கிறான். அவனுக்குச் சம்பளம் கேட்க முழு உரிமை உண்டு, ஆனால் கோபம் காட்டுகிறோம் என்று தெரிந்து காட்ட வேண்டும். தெரியாமல் காட்டக் கூடாது.

‘இன்னும் இரண்டு இட்லி’ என்பதில் ஸ்டிலும் இல்லை, யெட்டும் இல்லை. டூ மோர் இட்லீஸ். ‘இன்னும் பத்து நிமிடத்தில் வருகிறேன்’ என்பதில் ‘இன்னும்’ என்பதை மொழிபெயர்க்கவே வேண்டாம்: ‘ஐ வில் பி தேர் இன் டென் மினிட்ஸ்.’ ‘ஆஃப்டர் டென் மினிட்ஸ்’ என்று இப்போதைக் கணக்கில் வைத்துச் சொல்லாதீர்கள். ‘பத்து நிமிடத்தில்’ என்றால் இன், ‘பத்து நிமிடத்துக்குள்’ என்றால் விதின். ‘பத்து நிமிடம் கழித்து வந்தான்’ என்று நடந்த கதையைச் சொல்லும்போது ஆஃப்டர் வரட்டும்.

ஜூன் 8

‘ஆல்ரெடி என்றால் ஏற்கெனவே, அதில் என்ன இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். நிறைய இருக்கிறது.

விருந்தினர் எழுந்ததும் நாம் சொல்கிறோம்: ‘அதற்குள் கிளம்பிவிட்டீர்களா?’ ஆங்கிலத்தில் ‘ஆர் யூ லீவிங் ஆல்ரெடி?’ இந்த இடத்தில் ‘ஏற்கெனவே’ போட்டுப் பாருங்கள், பொருந்தாது. எதிர்பார்த்ததைவிட முன்பே நடந்துவிட்ட வியப்புக்கு நமக்குத் தனிச் சொல் இருக்கிறது: ‘அதற்குள்’. இந்தச் சொல்லை எந்தப் பள்ளிப் பாடத்திலும் ஆல்ரெடிக்கு எதிரே நான் பார்த்ததில்லை. வகுப்பில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

வினாவில் வித்தியாசம் இன்னும் தெளிவு. ‘சாப்பிட்டாயிற்றா?’ என்றால் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ பதில் தெரியாமல் கேட்பது. ‘அதற்குள் சாப்பிட்டுவிட்டாயா?’ என்றால் ‘ஹேவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?’ தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பது. ஜஸ்ட் என்றால் ‘இப்போதுதான்’: ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்.’ அதே ‘தான்’ மறுபடியும் வந்து உதவுகிறது, கவனியுங்கள்.

ஜூன் 8, சற்று நேரம் கழித்து

நியூஜெர்சியில் இருக்கும் தன் அண்ணன் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்றே கேட்பதாக ஒருவர் எழுதுகிறார். அமெரிக்கப் பேச்சில் அது வழக்கம். யெட், ஆல்ரெடி, ஜஸ்ட் மூன்றோடும் அங்கே சாதாரண இறந்தகாலம் வரும். நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் இங்கே தேர்வில் ‘ஹேவ்’ எழுதுங்கள். அண்ணனைத் திருத்த வேண்டாம்.

‘ஜஸ்ட் நவ்’ பற்றியும் கேட்டிருக்கிறார். ‘இப்போதுதான் பார்த்தேன்’ என்பதற்கு அது பொருந்தும். ‘ஜஸ்ட் நவ் ஐ வில் கம்’ என்று நம் அலுவலகங்களில் கேட்பது வெளியூர்க்காரரைக் குழப்பும். தென்னாப்பிரிக்காவில் அதற்கு ‘கொஞ்ச நேரம் கழித்து’ என்றே பொருள். நம் ‘இதோ வந்துவிட்டேன்’ இதைவிட விசித்திரம். வருவதற்கு முன்பே இறந்தகாலம்! அதை அப்படியே ‘ஐ கேம்’ என்று சொன்ன பையனை நான் திட்டவில்லை. அவன் தமிழ் பிசகவில்லை.

ஜூன் 11

மீண்டும் ‘ஆக’. இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ரீசென்ட்லி, லேட்லி. இரண்டுக்கும் அகராதியில் ‘சமீபத்தில்’. ஆனால் நாம் இரண்டு விதமாகப் பேசுகிறோம். ‘சமீபத்தில் அவரைப் பார்த்தேன்’ என்றால் ஒரு முறை, முடிந்தது. ‘சமீப காலமாக அவர் சரியாகத் தூங்குவதில்லை’ என்றால் நீண்டுகொண்டே வருவது. முதலாவதில் ரீசென்ட்லி: ‘ஐ சா ஹிம் ரீசென்ட்லி.’ இரண்டாவதில் லேட்லி: ‘ஹி ஹேஸ்ன்ட் பீன் ஸ்லீப்பிங் வெல் லேட்லி.’ இந்த இரண்டாவது வாக்கியத்தில் ரீசென்ட்லியும் நிற்கும். முதலாவதில் லேட்லி போட்டால் உறுத்தும். ஜூன் 3 குறிப்பில் ‘ஆக’வும் ‘ஹேவ்’வும் என்று சொன்னேன் அல்லவா, இங்கேயும் அதே கூட்டணி.

‘ஹி கேம் லேட்லி’ என்றால் தாமதமாக வந்தான் என்று பொருளாகாது. அதற்கு லேட் மட்டும் போதும்.

ஜூன் 12

‘தமிழுக்கு இவ்வளவு வாதாடுகிறீர்களே, சீக்கிரம் என்ற சொல்லை என்ன செய்வீர்கள்?’ என்று செம்பூர் ஐயா கேட்கிறார். நல்ல கேள்வி. ‘சீக்கிரம் வா’ என்றால் சூன், அர்லி, குயிக்லி மூன்றுமே ஆகலாம். ‘ஐ வோக் அப் சூன்’ என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் இதில்தான் சறுக்குகிறார்கள்.

ஆனால் சீக்கிரம் என்பது நமது ஒரே சொல் இல்லை. செய்தித்தாளில் ‘விரைவில் தேர்தல்’ என்றால் சூன். ‘விரைவாக நடந்தான்’ என்றால் குயிக்லி. ஒரே அடிச்சொல், முடிவு மட்டும் மாறுகிறது. அர்லிக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ‘நேரத்தோடு’ இருக்கிறது: ‘நேரத்தோடு படு’, ‘நேரத்தோடு கிளம்பு’. சீக்கிரம் என்று வாயில் வந்தால் ஒரு கணம் நின்று, அது விரைவிலா, விரைவாகவா, நேரத்தோடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் மாணவர்கள் இப்படித்தான் பழகுகிறார்கள், பலன் தெரிகிறது.

ஜூன் 14

கொஞ்சம் விலகிப் போகிறேன். சூன் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்ற பொருளில்தான் இருந்தது. ‘பை அண்ட் பை’ என்பதும் ஒரு காலத்தில் உடனே என்றுதான் பொருள்பட்டது. ‘பிரசன்ட்லி’யும் அப்படித்தான், இன்று பிரிட்டனில் ‘சற்று நேரத்தில்’ என்றும், அமெரிக்காவில் ‘தற்போது’ என்றும் ஆகிவிட்டது. உடனே செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தாமதித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து அந்தச் சொற்களை நீட்டிவிட்டார்கள். கடிதத்தில் பிரசன்ட்லி எழுதாமல் விடுவது நல்லது. படிப்பவர் எந்தக் கரையில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

‘ஐந்து மணிக்குள்’ என்றால் எந்த ஐந்து மணி என்ற குழப்பமும் இந்த ஊரில் இருந்திருக்கிறது. இந்திய நேரம் 1906இல் வந்த பிறகும் பம்பாய் தன் உள்ளூர் நேரத்தை 1955 வரை விடவில்லை. அது 39 நிமிடம் பின்னால் ஓடியது. இந்திய நேரம் வருவதற்கு முன்போ, நாட்டின் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தைப் பின்பற்றின, வானாய்வகம் அங்கே இருந்ததால். பம்பாயில் ரயில் பிடிக்க மெட்ராஸ் கடிகாரம் தெரிந்திருக்க வேண்டும்! இதைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு புதிய வகுப்பிலும் சொல்லாமல் இருந்ததில்லை.

ஜூன் 15

முதல் கேள்வியில் அகோ, பிஃபோர் மிச்சமிருக்கிறது. இரண்டுக்கும் ‘முன்பு’தான், உண்மை. ஆனால் எதற்கு முன்பு என்பதைத் தமிழ் சொல்லிவிடும். ‘மூன்று வருடங்களுக்கு முன்பு மும்பைக்கு வந்தேன்’ என்றால் இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம்: த்ரீ இயர்ஸ் அகோ. ‘அதற்கு மூன்று வருடம் முன்பு அண்ணன் வந்திருந்தார்’ என்றால் நான் வந்த நாளிலிருந்து எண்ணுகிறோம்: த்ரீ இயர்ஸ் பிஃபோர். ‘அதற்கு’ இருந்தால் பிஃபோர், கூடவே வினையில் ‘ஹேட்’. தமிழிலும் ‘வந்திருந்தார்’ என்று வினை மாறியதைப் பாருங்கள். ‘பிஃபோர் த்ரீ இயர்ஸ்’ என்ற வரிசை வேண்டவே வேண்டாம். அகோ என்ற சொல்லே ‘கழிந்துபோன’ என்ற பொருளுடைய பழைய வினையிலிருந்து வந்தது. அதனால்தான் கழிந்த காலத்தைச் சொன்ன பிறகு அது வருகிறது. ‘த்ரீ இயர்ஸ் பேக்’ பேச்சுக்குப் பரவாயில்லை.

அகோவோடு ‘ஹேவ்’ சேராது. ‘ஐ ஹேவ் ஜாயின்ட் த்ரீ இயர்ஸ் அகோ’ தவறு. ‘ஐ ஜாயின்ட் த்ரீ இயர்ஸ் அகோ’ சரி.

ஜூன் 17

கடைசியில், கடைசியாக, ஒருவழியாக. ஈவென்சுவலி, லாஸ்ட்லி, அட் லாஸ்ட். இதே வரிசையில் பொருத்திக்கொள்ளுங்கள். ஃபைனலி மூன்று இடத்திலும் நிற்கும். பட்டியலின் இறுதியில் அட் லாஸ்ட் என்று எழுதினால், ‘அப்பாடா, முடிந்தது’ என்று பெருமூச்சு விட்டதுபோல ஆகிவிடும்.

ஜூன் 19

தம்பிக்கு மறுபடியும் நேர்காணலாம், ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்று செய்தி வந்திருக்கிறதாம். நாளையா, அடுத்த வாரமா என்று கேட்கிறான்.

மத்திய ரயில் பாதையில் ஸ்லோ வண்டி தாதரை விட்டதும் ‘நெக்ஸ்ட் ஸ்டேஷன் மாட்டுங்கா’ என்று அறிவிக்கிறார்கள். அங்கே நெக்ஸ்ட் என்றால் முதலில் வருவது, யாருக்கும் சந்தேகமில்லை. கிழமைக்கு வரும்போது அந்த உறுதி போய்விடுகிறது. வருகிற முதல் வெள்ளிதான் நெக்ஸ்ட் என்பார் ஒருவர். அதற்குத் ‘திஸ் ஃப்ரைடே’ இருக்கிறதே, ஆகவே நெக்ஸ்ட் என்றால் அதற்கடுத்தது என்பார் இன்னொருவர். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. தமிழும் இங்கே காப்பாற்றாது: ‘வருகிற வெள்ளி’ தெளிவு, ‘அடுத்த வெள்ளி’ அதே குழப்பம்.

ஆகவே தம்பி, ஊகிக்காதே. இன்றே பதில் அனுப்பு: ‘குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம், இஸ் இட் ஜூன் 20 ஆர் ஜூன் 27?’ யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பதில் வருகிற வரை, நாளை காலைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொள்.